நின்று விழுந்த வண்டி

பீர் முகமது என்கிற பேரை முத்துத்தாய் முதன்முதலாகக் கேட்டது, ஏழு வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த ஒரு காதுகுத்து மண்டபத்து வாசலில். வாடகைப் பாத்திரம் இறக்கிவிட்டுப் பின்னால் எடுத்த லோடு ஆட்டோ, வரிசையில் முதலாவதாக நின்ற வண்டியைத் தட்டியது. அது அடுத்ததன்மேல் விழ, அது அதற்கடுத்ததன்மேல் விழ, பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து ஓடிவந்து பார்த்தபோது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது அவள் வீட்டுக்காரன் காளையின் வண்டி. மற்ற ஆறும் தூக்கிவிட்டதும் பழையபடி நின்றன. காளையின் வண்டியும் நின்றது. ஆனால் முன்சக்கரம் வைகைப் பக்கம் பார்த்தது, ஹேண்டில்பார் கோயில் பக்கம் பார்த்தது.

காதுகுத்து முத்துத்தாயின் தங்கை நாகஜோதியின் மகளுக்கு. நாகஜோதி வாக்கப்பட்டது சிம்மக்கல்லில். அவள் கொழுந்தன் ஒரு பக்கம், "அங்கன நிப்பாட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்லண்ணே" என்றான். "சொன்னியா? நீதானய்யா கையக் காட்டி அங்க விடச் சொன்ன" என்று நாகஜோதி பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் அக்காள் தங்கை இருவருக்குமே முகத்தில் சிரிப்பு வந்துவிடும். அது அவர்கள் அம்மாச்சி ராமக்காள் வழியில் வந்த கோளாறு. அதனால் சண்டை பெரிதாகவும் இல்லை, அடங்கவும் இல்லை.

நடுவில் லோடு ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணே, கோவிச்சுக்கிராதீங்க. இத வேற எவன்ட்டயும் காட்டாதீங்க. ரெண்டு சந்து தள்ளி பீர் முகமதுன்னு ஒருத்தரு இருக்காரு. நின்னு விழுந்த வண்டிய மட்டும் பாக்குற ஆளு."

"ஒமக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் முத்துத்தாய்.

"நா தட்டுனதுல இது மூணாவதுங்கக்கா."

காளைக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு உசிலம்பட்டியில் முட்டை ஏற்றியாக வேண்டும். ஒரு அட்டைக்கு முப்பதாக இருபத்துநாலு அட்டை. இரும்புக் கூட்டில் அடுக்கிப் பின்னால் கட்டிக்கொண்டு, எழுமலை வரைக்கும் ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டே போவான். அதற்கு 'லைன்' என்று பேர். பதினோரு வருஷமாக அந்த லைன்தான் சோறு போடுகிறது. போன மாதம் இரண்டு நாள் வண்டி மக்கர் செய்ததற்கே முட்டை முதலாளி, "இன்னொருவாட்டி வண்டி ரிப்பேருன்னு வந்து நின்ன, லைன வேற ஆளுக்கு மாத்தி விட்டுருவேன் பாத்துக்க" என்று சொல்லி வைத்திருந்தார். அதற்காகக் காத்திருக்கிற ஆட்களும் உசிலம்பட்டியில் உண்டு.

காளை வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு அந்தச் சந்தின் முனைவரைக்கும் வந்தான். அங்கே நின்றுவிட்டான்.

"நீ கொண்டு போயிக் குடு புள்ள. நா பந்தியில நிக்கணும், பெரியப்பன்காரன் இல்லன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்."

"என்னயவா? எனக்கு என்னா தெரியும்?"

"விழுந்துருச்சு, நேராக்குங்கன்னு சொல்லு. அம்புட்டுதான்."

முத்துத்தாய்க்கு இது அதிசயமாக இருந்தது. அந்த வண்டியைத் துடைக்கக்கூட அவளை விடமாட்டான். எழுமலையில் வெல்டிங் பட்டறை பேயாண்டியைத் தவிர வேறு யார் கையும் அதில் பட்டதில்லை. அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வா என்கிறான். பந்தியாவது, பெரியப்பனாவது என்று நினைத்துக்கொண்டே ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

கடை என்று சொல்ல அகலம் இல்லை. இரண்டு மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு கதவின் அகலத்துக்குத் தொடங்கி உள்ளே நீளமாகப் போகிறது. இடது பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடிகள். விழுந்த வண்டிகளில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தால் ஜோடியாகத்தான் மாற்றுகிறார்கள். உடையாமல் மிச்சமாகும் ஒற்றைக் கண்ணாடிகளை பீர் முகமது வீசுவதில்லை, ஆணியடித்து மாட்டிவிடுவார். நாற்பது ஐம்பது இருக்கும். சந்தில் ஒரு ஆட்டோ போனால் சுவரில் ஐம்பது ஆட்டோ போகும். பஸ்சுக்குப் போகிற பெண்கள் ஒரு நிமிஷம் நின்று நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டு போவார்கள். அவர் தலை நிமிர மாட்டார்.

ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு, மடித்துக் கட்டிய கட்டம்போட்ட கைலி. செல்போன் ஒரு பால் கவருக்குள் ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் இருக்கும். மணி அடித்தால் கிரீஸ் படாத சுண்டுவிரலால் தட்டுவார். பேசி முடித்ததும் அதே சுண்டுவிரல்.

"விழுந்துருச்சு, நேராக்கணும்" என்றாள் முத்துத்தாய், சொல்லிக்கொடுத்தபடியே.

"ஓடி விழுந்துச்சா, நின்னு விழுந்துச்சா?"

"நின்னுதான். அதுபாட்டுக்கு நின்னுச்சு, லோடு ஆட்டோ தட்டிருச்சு."

"எந்தப் பக்கம்?"

"எடது பக்கம்."

அவர் உள்ளே போய் இரண்டு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து விரித்தார். பிறகு வண்டியைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைக் கீழே கிடத்துவதுபோல, அதே இடது பக்கமாகப் படுக்கப் போட்டார்.

முத்துத்தாய் பதறிவிட்டாள். "என்ன பாய் இது! தூக்கிக் கொண்டாந்தத மறுபடியும் தள்ளிவிடுறீங்க?"

"மொதல்ல படுக்கட்டும்மா. எப்பிடி விழுந்துச்சுன்னு பாக்காம எப்பிடி நிமித்துறது?"

இதுதான் அவருடைய வழக்கம், யார் வந்தாலும் இதுதான். எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே படுக்க வைப்பார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றி வருவார். தரையைத் தொடுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் கோடு போடுவார். கோடு விழுந்த இடத்தில் அடி உண்டு, அங்கே கை வைப்பார். கோடு விழாத இடத்தில் அவருக்கு வேலை இல்லை. மற்ற மெக்கானிக்குகள் நிற்க வைத்தே பார்ப்பார்கள், கண்டதையும் கழற்றுவார்கள். இவர் கழற்றுவது கொஞ்சம். கழற்றின போல்ட்டுகளைக் கழற்றின வரிசையிலேயே ஒரு அல்வா டப்பா மூடியில் வட்டமாக வைப்பார், கடிகார முள் போகிற திசையில்.

அன்றைக்கு நடுவில் ஒருவர் ரத்தம் காயாத முழங்கையோடு வந்தார், திருப்பத்தில் வழுக்கிவிட்டதாம். பீர் முகமது வண்டியைப் பார்க்கவே இல்லை. "ஓடி விழுந்த வண்டிக்கு எதுத்த சந்துல ஆளு இருக்காங்கண்ணே. மொதல்ல கையக் கழுவிட்டு மருந்து போடுங்க" என்று தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினார். ஏன் என்று முத்துத்தாய் கேட்டாள்.

"ஓடி விழுந்துச்சுன்னா ஓட்டுனவன் பங்கு கொஞ்சம், ரோட்டுப் பங்கு கொஞ்சம், குறுக்க வந்த நாயி பங்கு கொஞ்சம்னு பிரிக்கணும்மா. எனக்குப் பஞ்சாயத்து வராது. நின்னு விழுந்தது ஒரு வம்புதும்புக்கும் போகல. செவனேன்னு நின்னுச்சு. அதுக்குத்தான் ஒரு ஆளு வேணும்."

அவரைப் பெற்ற அத்தா தகரப் பெட்டி செய்தவர். இரும்புத் தகடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது அங்கே வந்த பழக்கம். ஒரே மகள் ஃபர்ஹா, வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இவ்வளவையும் முத்துத்தாய் முதல் பத்து நிமிஷத்திலேயே வாங்கிவிட்டாள். வாடிப்பட்டி என்றதும் விடவில்லை. எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எதிர்வீடு என்று போய், அவளுடைய பெரியப்பா மகள் சோலையம்மாள் தையல் மிஷின் வைத்திருக்கிற வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் ஃபர்ஹாவின் வீடு என்கிறவரைக்கும் கண்டுபிடித்தாள்.

"அப்ப ஒங்க மகளுக்குச் சட்டை தச்சது எங்கக்காவாத்தான் இருக்கும்."

"அந்தக் கை கொஞ்சம் எறக்கமாப் போச்சுன்னு சொன்ன சட்டையா?" என்றார் அவர், திருப்புளியைக் கடித்தபடி.

"அது எங்கக்கா இல்ல" என்றாள் முத்துத்தாய் உடனே.

வண்டியை நிமிர்த்தி, முன்பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு. விட்டுவிட்டு எட்டிப்போய் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். திரும்ப வந்து இன்னொரு திருகு. பிறகு ஒரு நூல்கண்டை எடுத்துப் பின்சக்கரத்தில் ஒரு முனையைக் கட்டி, முன்சக்கரம் வரைக்கும் இழுத்துப் பிடிப்பார். நூல் இரண்டு சக்கரத்தையும் ஒரே மாதிரி தொட்டால் வண்டி நேர். அதுவரைக்கும் டீ குடிக்க மாட்டார். எதிர்க்கடை டீ மாஸ்டர் அழகுராஜா கொண்டுவந்து வைத்த கிளாஸில் ஆடை கட்டிக் கிடந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் கிளட்ச் பிடி, ஃபுட்ரெஸ்ட் எல்லாம் முடிந்தது. பீர் முகமது கியர் மிதியருகில் வந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மிதியின் முன்பாகம் கீழாகவும் கொஞ்சம் வெளியாகவும் வளைந்திருந்தது. அவர் வண்டியை மறுபடியும் சாக்கில் படுக்கப் போட்டார். ஹேண்டில்பார் நுனி தரையைத் தொட்டது. முன்னால் இருக்கிற பம்பர் கம்பி தொட்டது. ஃபுட்ரெஸ்ட் தொட்டது. கியர் மிதி தொடவில்லை. நடுவில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது.

"இது தரையத் தொடவே இல்லையேம்மா. ஒரு சிராய்ப்புகூட இல்ல. இது விழுந்ததுல வளைஞ்சதில்ல, யாரோ வளைச்சது மாதிரி இருக்கு. இத ஓட்டுற அண்ணனுக்குக் கால்ல எதுவும் கோளாறு உண்டா?"

முத்துத்தாய்க்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் காளை டிராக்டர் பெட்டியிலிருந்து குதித்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டதும், இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்ததும் உண்மை. ஆனால் கட்டுப் பிரித்த அன்றைக்கே, "பழையபடி ஆயிருச்சு" என்று வீட்டுக்கும் ஊருக்கும் முட்டை முதலாளிக்கும் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் ஒரு நாளும் கால் என்று பேச்செடுத்ததில்லை. கோளாறு உள்ள ஆள் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் லைன் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய். நல்லா ஓடுற மனுசன். எல்லாத்தையும் நேராக்கிருங்க, புதுவண்டி மாதிரி இருக்கணும்."

பீர் முகமது மிதியை விரலால் தடவிப் பார்த்தார். கோடு விழாத இடத்தில் கை வைக்காதவர். ஆனால் வளைந்த இரும்பைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சும்மா விடவும் அந்தக் கைக்குத் தெரியாது. அதற்குள் அவர் மனைவி பக்ருன்னிசா சாப்பாட்டு அடுக்கோடு வந்துவிட்டார். பீர் முகமது மிதியைப் பல்வைத்த தண்டிலிருந்து கழற்றி, வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, ஒரு குழாயைச் செருகி நேராக்கி, போட்டுவிட்டுத்தான் கை கழுவினார்.

பக்ருன்னிசா வந்தால் சந்துக்கே தெரியும். "யாரும்மா நீங்க? காலையில இருந்தா ஒக்காந்திருக்கீங்க? சாப்பிட்டீங்களா? காதுகுத்து வீட்டுக்கு வந்துட்டு இந்தக் கிரீஸுக்குள்ள வந்து ஒக்காந்திருக்கீங்களே" என்று தன் பங்கு சோற்றைப் பாதியாகப் பிரித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல முத்துத்தாய்க்கு இடம் கிடைக்கவில்லை.

"ஊரு வண்டிய எல்லாம் நூல் புடிச்சு நேராக்குறாரு. எங்க வீட்டுக் கொல்லக்கதவு மூணு வருஷமாச் சாஞ்சு நிக்கிது. தூக்கித் தூக்கிச் சாத்தி எந்தோளே சாஞ்சு போச்சு."

"அது நின்னு சாஞ்சதில்ல. நீ இழுத்துச் சாத்திச் சாத்திச் சாஞ்சது" என்றார் பீர் முகமது.

"பாத்தீங்களா? கதவுக்கும் விசாரணை!"

நாலு மணிக்குக் காளை வந்தான். வேட்டியில் பாயசம் கொட்டியிருந்தது, ஆகவே பந்தியில் நின்றது பொய் இல்லை. வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது. அவன் முகம் மலர்ந்துபோனது. சுற்றி வந்தான், ஹேண்டில்பாரைத் தடவினான். ஏறி உட்கார்ந்து உதைத்தான், வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

இடது கால் மிதியைத் தேடியது. கிடைக்கவில்லை. பாதம் கம்பிக்குக் கீழே போய் இடித்தது. காலைத் தூக்கி மறுபடி வைத்தான். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்துபோனது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சந்தின் நடுவிலேயே குதித்து நின்றது, எதிரே வந்த ஆட்டோ சடக்கென்று பிரேக் போட்டது.

டீக்கடையிலிருந்து அழகுராஜா சத்தம் கொடுத்தான். "என்ன மாமா, இன்னைக்குத்தான் எல்எல்ஆர் போட்டீங்களா?" நின்ற நாலு பேரும் சிரித்தார்கள்.

காளை இறங்கினான். முகம் கறுத்துப்போயிருந்தது. "நல்லா இருந்த வண்டிய நெளிச்சுக் குடுத்துட்டீரே! இதுக்காய்யா காலையில இருந்து ஒம்ம கடையில போட்டிருந்தேன்? நாளைக்கு நா எப்பிடி லைனுக்குப் போவேன்?"

அந்தக் கடையிலிருந்து வெளியே போன வண்டியை நெளிசல் என்று இதுவரைக்கும் ஒருவரும் சொன்னதில்லை. பீர் முகமதின் கையில் நூல்கண்டு இருந்தது. ஒரு தடவை கட்டிக் காட்டினால் போதும், யார் பக்கம் கோணல் என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடும். முத்துத்தாய் அவர் வாயையே பார்த்தாள். மத்தியானம் அவர் கேட்டதும் தான் சொன்னதும் அவருக்கு மறந்திருக்காது. அதை இப்போது சொல்லிவிட்டால்?

பீர் முகமது காளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் செருப்பைப் பார்த்தார். வலது செருப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. இடது செருப்பு குதிகால் பக்கம் மட்டும் காகிதமாகத் தேய்ந்து, நுனிப்பக்கம் வாங்கினபடியே இருந்தது. மடங்காத பாதம் நுனியை ஊன்றுவதில்லை.

அவர் நூல்கண்டைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றார், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. "மிதிய மாட்டையில ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன். அதான் ஒங்க காலுக்கு எட்டல. ஒரு மணி நேரம் குடுங்க."

"என்ன பாய், முப்பது வருஷமா ஸ்பானர் புடிக்கிறீங்க, பல்லு எண்ணத் தெரியலையா?" என்றான் அழகுராஜா.

"வயசாகுதுல்ல மாப்ள. எம்பல்லே எத்தனன்னு எனக்குத் தெரியல" என்று அவரும் சிரித்தார். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

அவர் அந்த மிதியைக் கழற்றுமுன் மிதியும் தண்டின் பல்லும் சேருகிற இடத்தில் சாக்பீஸில் அடையாளக் கோடு போட்டதையும், திரும்ப மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்ந்ததா என்று குனிந்து பார்த்ததையும் முத்துத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். ஒரு பல்லும் தள்ளவில்லை. கூட்டம் போனதும் கிட்டே போய், "அண்ணே..." என்றாள். காலையிலிருந்து பாய் என்று கூப்பிட்டவள். "நாந்தாண்ணே நேராக்கச் சொன்னேன். நீங்க கேட்டீங்க."

"நீங்க சொன்னது வண்டிக்குச் சரிதாம்மா. நா ஆளப் பாக்காம வண்டிய மட்டும் பாத்தேன். அது ஏந்தப்புதான்." பிறகு காளையைப் பார்த்துக் குரலை உயர்த்தி, "அண்ணே, ஏறி உக்காருங்க. நடு ஸ்டாண்டு போட்டிருக்கேன், பயப்படாதீங்க."

காளையின் இடது செருப்பின் அடியில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். "ஒங்களுக்கு எங்க வைக்கத் தோணுதோ அங்க வைங்க. நீங்க மிதியத் தேடாதீங்க. அது வரட்டும்."

காளை அவரை ஒரு மாதிரி பார்த்தான். கால் விஷயம் கேட்பார்கள் என்றுதான் அவன் சந்து முனையோடு நின்றது; இப்போது ஒன்றும் கேட்காத ஒரு முகம் எதிரே இருந்தது. பாதத்தை, மடக்காமல், அப்படியே தூக்கி அப்படியே வைத்தான். கம்பியில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்தது. பீர் முகமது கழற்றினார், குழாயைச் செருகி ஒரு விரற்கடை வளைத்தார், மாட்டினார். இன்னொரு தடம். இன்னொரு விரற்கடை. மத்தியானம் ஒரே மூச்சில் நேராக்கின இரும்பை இப்போது நாலு தடவை கழற்றி மாட்டி வளைத்தார். பழைய வளைவைவிட இது நன்றாகவே அமைந்தது. எழுமலைப் பேயாண்டி கண் மதிப்பில் வளைத்தது, இது காலை வைத்து வளைத்தது.

"எட்டுதா?"

"எட்டுது." இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லா எட்டுது" என்றான் காளை.

"முட்ட லோடுன்னு தங்கச்சி சொன்னாங்க. குலுங்காமப் போகுதான்னு பாக்கணுமே. பக்கத்துக் கடையில ஒரு முட்ட வாங்கிப் பின் சீட்டுல வச்சுப் பாப்பமா?"

காளை அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான். "ஒரு முட்டன்னா அது எப்பிடி ஓட்டுனாலும் ஒடையும்ணே. முப்பதா அட்டையில ஒக்காந்தாத்தான் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும்."

"அப்ப வேற வழியில்ல. தங்கச்சி, ஏறுங்க."

முத்துத்தாய் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாக அந்த வண்டியில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற உடம்பு, அதற்குக் கியர் மாறுவது தெரியும். ஒன்று விழுந்தது. சந்து முனையில் இரண்டு. வைகைப் பாலத்தில் ஏறும்போது மூன்று. ஒரு குலுக்கம் இல்லை. பாலத்தின் பாதி வந்தாயிற்று.

"கணுக்கால் வலிக்குமா?" என்றாள் அவன் முதுகுக்கு.

அவன் ஒரு பஸ்சுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். கேட்கவில்லையோ என்று நினைத்தாள். பாலம் முடிந்து வண்டியைச் சிம்மக்கல் பக்கமே திருப்பும்போது சொன்னான்.

"பனிக் காலத்துல மட்டும்."

"எங்கிட்டச் சொன்னா என்னா?"

"சொன்னா நீ பஸ்ஸுலதான் போவோம்ப."

அவளுக்குக் கோபம் வந்தது, ஆகவே சிரித்துவிட்டாள். இரண்டு கைகளாலும் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிம்மக்கல் சனமெல்லாம் பார்க்கத்தான் செய்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு உசிலம்பட்டியில் இருபத்துநாலு அட்டை ஏறியது. எழுமலையில் கடைசிக் கடைக்குப் போட்டு முடித்தபோது ஒரு முட்டைகூட விரியவில்லை. பனி தொடங்கியதும் காளைக்கு வேப்பெண்ணெயைச் சுடவைத்துக் கணுக்காலில் தேய்த்துவிடுவது முத்துத்தாயின் வேலையாகிவிட்டது. அவன் கூச்சப்பட்டு இழுப்பான், அவள் விடமாட்டாள்.

பீர் முகமது சிம்மக்கல்லில் அதே சந்தில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடை சாத்தியிருக்கும். வண்டி கொண்டுவருகிறவர்களிடம் இப்போதெல்லாம், ஓட்டுற ஆளைக் கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிடுகிறார். அந்த ஆள் வந்து ஒரு தடவை ஏறி உட்கார்ந்து காட்டும்வரைக்கும், கோணிச்சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.